வழி தேடும் நரம்பிழை: வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலை மாவட்டத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் நரம்பு வளர்ச்சி பற்றியவற்றை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். உயர்தர மாணவியின் கேள்விக்கும் கையில் வெட்டுப்பட்ட மீனவர் குடும்பத்தின் கேள்விக்கும் அடிப்படை ஒன்றுதான் என்பதால், முதலிரண்டு பதில்களைச் சற்று விரிவாக எழுதியிருக்கிறோம். பின்னால் வருபவை அவற்றின் மேல் நிற்கின்றன.

கேள்வி (உவர்மலை, உயர்தர உயிரியல் மாணவி): நரம்புக் கலத்தின் உடல் முண்ணாணில் இருக்க, அதன் அக்சன் என்ற நீண்ட இழை கால் பெருவிரல் வரை போகிறது என்று படிக்கிறோம். முளையத்தில் அது வளரும்போது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எப்படித் தெரிகிறது? ஏற்கெனவே உள்ள குழாய்க்குள் ஊர்ந்து போகிறதா?

பதில்: குழாய் எதுவும் இல்லை. இழை தன் வழியைத் தானே தேடிக்கொண்டு போகிறது. தேடுவது அதன் நுனி. வளரும் அக்சனின் முனையில் உள்ளங்கை விரிந்தாற்போல் ஒரு தட்டையான பகுதி உண்டு. வளர்ச்சிக் கூம்பு என்பது அதன் பெயர். ஸ்பெயின் நாட்டு அறிஞர் சந்தியாகோ ரமோன் இ கஹால் 1890இல் கோழி முளையத்தின் முண்ணாணில் அதைக் கண்டு பெயரிட்டார். அவர் பார்த்தவை சாயமேற்றிய இறந்த இழையங்கள். ஆனாலும் இரண்டு ஆண்டுக்குள், இரசாயனப் பொருள்கள்தான் இந்த நுனியை வழிநடத்துகின்றன என்ற கருத்தை எழுதிவிட்டார். உயிருள்ள இழை வளர்வதைக் கண்ணால் கண்டவர் அமெரிக்கரான ரொஸ் ஹரிசன். தவளை முளையத்தில் பின்னர் மூளையும் முண்ணாணுமாக வளரும் நரம்புக் குழாயில் ஒரு சிறு துண்டை வெட்டி, தவளையின் நிணநீர்த் துளியில் இட்டு, மூடுகண்ணாடியில் தொங்கவிட்டு, குழிவுள்ள வழுக்கியின் மேல் கவிழ்த்து, ஓரத்தை மெழுகால் அடைத்தார். நிணநீர் உறைந்ததும் அதற்குள் இழைகள் நீண்டன. 1907இல் வெளியான அந்தப் பரிசோதனையிலிருந்துதான் உடலுக்கு வெளியே கலங்களை வளர்க்கும் தொழில்நுட்பமே தொடங்கியது.

வளர்ச்சிக் கூம்பின் அகலம் பொதுவாக 5 முதல் 20 மைக்ரோமீற்றர் வரை இருக்கும். அதன் விளிம்பிலிருந்து ஊசி போன்ற நீட்சிகள் வெளிவருகின்றன. இவற்றின் தடிப்பு ஏறக்குறைய 0.2 மைக்ரோமீற்றர். நீளம் பத்து மைக்ரோமீற்றர் அளவு, சிலவேளை அதன் பன்மடங்கு. இவை நிமிடக் கணக்கில் நீண்டு, தடவி, சுருங்குகின்றன. உள்ளே அக்டின் என்ற புரதத்தின் நார்கள் உண்டு. கூம்பின் நடுப்பகுதிக்குள் அக்சனிலிருந்து நுண்புன்குழாய்கள் என்ற விறைப்பான புரத இழைகள் வந்து முடிகின்றன. விளிம்பில் அலைந்து பார்ப்பது அக்டினின் வேலை. தெரிந்தெடுத்த திசையை நிலைப்படுத்தி, அங்கே புதிய அக்சனை உருவாக்குவது நுண்புன்குழாய்களின் வேலை.

இனி நகர்வு. அக்டின் நார்கள் விளிம்பில் ஓயாமல் கட்டப்படுகின்றன. கட்டப்பட்டவற்றை மயோசின் என்ற இயக்கிப் புரதம் நடுப்பகுதியை நோக்கி நிமிடத்துக்குச் சில மைக்ரோமீற்றர் வேகத்தில் பின்னுக்கு இழுக்கிறது. அதாவது இயந்திரம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது, கூம்பு மட்டும் நின்ற இடத்தில் நிற்கலாம். நிலாவெளிக் கரையில் காய்ந்த மணலில் ஓடினால் கால் பின்னே வழுக்கும். ஈர மணலில் அதே உதைப்பு உடலை முன்னே தள்ளும். கூம்பின் மேற்பரப்பில் வெளிப் பொருள்களைப் பிடிக்கும் வாங்கிப் புரதங்கள் வெளியே உள்ள லமினின் போன்ற ஒட்டும் புரதத்தைப் பற்றி, உள்ளே அக்டினோடு பிணைக்கும்போதுதான் அந்தப் பின்னோட்டம் முன்னிழுப்பாக மாறுகிறது. கூம்பின் வலப்பக்கத்தில் பிணைப்பு கூடி, இடப்பக்கத்தில் குறைந்தால் இழை வலப்பக்கம் திரும்பும். சமிக்ஞைகள் செய்வது இவ்வளவுதான்: எந்தப் பக்கத்தில் அக்டின் கட்டப்பட வேண்டும், எங்கே பிடி இறுக வேண்டும், எங்கே தளர வேண்டும் என்பதை மாற்றுகின்றன.

சமிக்ஞைகள் இரண்டு விதமாக வருகின்றன. சில பொருள்கள் கலங்களிலிருந்து சுரந்து பரவி, கிட்டத்தில் கூடுதலாகவும் எட்டத்தில் குறைவாகவும் ஒரு செறிவுப் படித்திறனை உண்டாக்கும். மற்றவை கல மேற்பரப்பிலோ கலங்களுக்கு வெளியே உள்ள புரத வலையிலோ ஒட்டியிருக்கும். நுனி தொட்டால்தான் தெரியும். கூம்பின் ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் இடையில் செறிவு நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ வேறுபட்டாலும் அதை உணர்ந்து திரும்பக்கூடிய இழைகள் உண்டு. இத்துடன் இழையத்தின் மென்மை, வன்மையையும் நுனி உணர்கிறது. ஆபிரிக்கத் தவளையின் விழித்திரை இழைகள் மூளைக்குள் மென்மையான பக்கம் நோக்கி வளைவதாக 2016இல் காட்டப்பட்டது. அழுத்தத்தை உணரும் பியெசோ1 என்ற சவ்வுப் புரதத்தைத் தடுத்தால் அந்த இழைகள் வழி தவறின.

கேள்வி (கோணேசபுரி, பல்கலைக்கழக மாணவர்): நெட்ரின் என்ற வழிகாட்டிப் புரதம் நரம்பிழையை ஈர்க்கும் என்று ஒரு நூலிலும், விலக்கும் என்று இன்னொரு நூலிலும் இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. ஒரு சமிக்ஞைக்குத் தன்னளவில் 'வா' என்றோ 'போ' என்றோ பொருள் இல்லை. எந்த வாங்கி அதைப் பிடிக்கிறது, பிடித்த வேளையில் கலத்தின் உள்நிலை என்ன என்பவற்றைப் பொறுத்தே அது ஈர்ப்பாகவோ விலக்கமாகவோ ஆகிறது. பட்டியல் போட்டு 'இது ஈர்க்கும், அது தள்ளும்' என்று மனனம் செய்யும் பழக்கத்தை மாணவர்கள் விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

1994இல் மார்க் டெசியே-லவீனின் குழு ஏறக்குறைய 25,000 கோழி முளைய மூளைகளிலிருந்து நெட்ரினைப் பிரித்தெடுத்தது. வட்டப்புழு ஒன்றில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த வழிகாட்டி மரபணுவின் புரதமும் அதே குடும்பம் என்று தெரிந்தது. புழுவுக்கும் கோழிக்கும் மனிதருக்கும் இந்த ஏற்பாடு பொது. நுனியில் டிசிசி என்ற வாங்கி மட்டும் இருந்தால் நெட்ரின் பெரும்பாலும் ஈர்க்கும். யூஎன்சி5 வகை வாங்கியும் சேர்ந்தால் விலக்கும்.

வாங்கி மாறாமலே பொருள் மாறுவதும் உண்டு. மூ-மிங் பூவின் ஆய்வுகூடத்தில் 1990களில் செய்த பரிசோதனையைப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு நாள் வயதான ஆபிரிக்கத் தவளை முளையத்தின் முண்ணாண் கலங்களைக் கிண்ணத்தில் இட்டு, 14 முதல் 20 மணித்தியாலம் வளரவிடுகிறார்கள். வெப்பநிலை 20–22 பாகை செல்சியஸ். துளை ஒரு மைக்ரோமீற்றர் அளவான கண்ணாடி நுண்குழாயியை, கூம்பிலிருந்து 100 மைக்ரோமீற்றர் தள்ளி, இழை வளரும் திசைக்கு 45 பாகைக் கோணத்தில் வைத்து, செக்கனுக்கு இரண்டு தடவை மிகச் சிறு அழுத்தத் துடிப்புகளால் நெட்ரினை வெளியேற்றுகிறார்கள். கூம்பை எட்டும்போது செறிவு குழாயியில் உள்ளதன் ஆயிரத்தில் ஒரு பங்களவே. ஒரு மணித்தியாலத்தின் பின் திரும்பிய கோணத்தை அளக்கிறார்கள். சாதாரணமாக இழை குழாயியை நோக்கித் திரும்பும். கலத்துக்குள் செய்தி கடத்தும் சைக்கிளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறின் செயலைத் தடுத்துவிட்டால், அதே நெட்ரினிலிருந்து விலகித் திரும்பும்.

இந்த முறையில் பிழைகள் எங்கே நுழைகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குழாயி நுனி அடைபட்டால் எதுவும் வெளியே வராது. 'திரும்பவில்லை' என்ற பொய் முடிவு கிடைக்கும். கிண்ணம் ஆடினாலோ ஒரு பக்கம் சூடானாலோ நீரோட்டம் உண்டாகிப் படித்திறன் கலைந்துவிடும். அந்த மணித்தியாலத்தில் 5 மைக்ரோமீற்றரும் நீளாத இழையின் கோணத்துக்குப் பொருள் இல்லை, அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பக்கத்தில் வேறு கலம் இருந்தால் நுனி அதைத் தொட்டுத் திரும்பியிருக்கலாம். வெறும் கரைசல் நிரப்பிய குழாயியோடு ஒப்பீடு கட்டாயம். கிண்ணத்தில் எதைப் பூசுகிறோம் என்பதும் முடிவை மாற்றும்: தவளை விழித்திரை இழைகள் லமினின் பூசிய தரையில் நெட்ரினால் ஈர்க்கப்படாமல் விலக்கப்படுவதாக 1999இல் கிறிஸ்டீன் ஹோல்டின் குழு காட்டியது. லமினின் கலத்துக்குள் சைக்கிளிக் ஏஎம்பியைக் குறைக்கிறது. ஆகவே 'என் பரிசோதனையில் எதிர்மாறாக வந்துவிட்டது' என்று ஒருவர் சொன்னால், முதலில் கிண்ணத்தின் பூச்சைத்தான் கேட்க வேண்டும்.

வெளிச் செய்தியை உள்ளே திசையாக மாற்றும் முக்கிய ஊடகம் கல்சியம். கூம்பின் ஒரு பக்கத்தில் கல்சியம் ஓரளவு நன்றாகக் கூடினால் ஒரு கைனேசு நொதியம் தூண்டப்பட்டு அந்தப் பக்கம் திரும்பும். மிகச் சிறிதாக மட்டும் கூடினால் கல்சிநியூரின் என்ற நொதியம் முந்திக்கொள்ளும். இழை எதிர்ப்பக்கம் போகும்.

இந்த மாற்றம் இல்லாவிட்டால் உடலின் நடுக்கோட்டை எந்த இழையாலும் சரியாகக் கடக்க முடியாது. நடுக்கோடு ஈர்த்துக்கொண்டே இருந்தால், வந்த இழை அங்கேயே தங்கிவிடும் அல்லவா? கடக்கும் முன்னர் இழைக்கு ஈர்ப்புத்தான் தெரிகிறது. நடுக்கோட்டிலிருந்து வரும் ஸ்லிட் என்ற விலக்கும் புரதத்துக்கு அது பெரும்பாலும் செவிசாய்ப்பதில்லை. ரோபோ3 என்ற வாங்கி அதற்கு உதவுகிறது. கடந்ததும் நிலை மாறி, ரோபோ1 வாங்கியின் வழியாக ஸ்லிட் இழையை வெளியே தள்ளுகிறது. அதனால் திரும்பி வருவதும் இல்லை.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். முண்ணாணின் நடுக்கோட்டில் உள்ள அடித்தட்டு என்ற கலப்பகுதியிலிருந்து பரவும் நெட்ரின்தான் இழைகளைத் தொலைவிலிருந்து இழுக்கிறது என்று பல நூல்கள் இன்னமும் எழுதுகின்றன. 2017இல் வெளிவந்த எலி ஆய்வுகளில், அடித்தட்டில் மட்டும் நெட்ரினை நீக்கியபோது இழைகள் பெரும்பாலும் ஒழுங்காகவே கடந்தன. நரம்புக் குழாயின் உள்விளிம்புக் கலங்கள் தரும், இழை செல்லும் பாதையிலேயே படிந்திருக்கும் நெட்ரின்தான் கூடுதல் முக்கியமாகத் தெரிந்தது. பின்மூளையில் நிலைமை இதுவே. முண்ணாணில் அடித்தட்டின் பங்கும் ஓரளவு உண்டு.

கேள்வி (சீனன்குடா, ஒரு தாய்): என் மகனுக்கு 11 வயது. வலக்கையால் எழுதும்போது இடக்கை விரல்களும் அதே மாதிரி அசைகின்றன. பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுகிறார்கள். இது வலிப்பா?

பதில்: அம்மா, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வலிப்புப் போல் இல்லை. இதைக் கண்ணாடி அசைவு என்பார்கள். சின்னப் பிள்ளைகளில் இலேசாக இருப்பது இயல்பு, பத்து வயதளவில் பெரும்பாலும் மறைந்துவிடும். 11 வயதிலும் தெளிவாக இருப்பதால் நரம்பியல் கிளினிக்கில் ஒருமுறை காட்டுங்கள். முற்பதிலில் சொன்ன டிசிசி வாங்கியின் மரபணுவில் மாற்றம் இருந்தால் இப்படி வரலாம் என்று 2010இல் கண்டறிந்தார்கள். மூளையிலிருந்து கைக்கு இறங்கும் இழைகள் நடுக்கோட்டை முழுமையாகக் கடக்காமல், சில அதே பக்கத்துக்கும் போவதால் ஒரு கட்டளை இரண்டு கைக்கும் கிடைக்கிறது. பெரும்பாலானோருக்குப் புத்தியிலோ பலத்திலோ குறை இல்லை. குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

வீட்டில் பார்க்கக்கூடியது: இரு கைகளையும் மேசையில் வைத்து, ஒரு கையின் பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொல்லுங்கள், மறுகையைக் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்து டொக்டருக்குக் காட்டுங்கள். மறுகையை அடக்க முயல்வதால் நீண்ட நேரம் எழுதினால் கை நோகும், களைக்கும். வகுப்பாசிரியரிடம் சொல்லி இடையில் ஓய்வும் பரீட்சையில் மேலதிக நேரமும் கேளுங்கள். பிள்ளையை அதட்டி நிறுத்த முடியாது. அது அவன் விருப்பத்தில் நடப்பதல்ல. அசைவோடு கண்ணைப் பக்கவாட்டில் திருப்ப முடியாமலோ முள்ளந்தண்டு வளைந்தோ இருந்தால் தாமதிக்க வேண்டாம். ரோபோ3 மரபணுவின் குறையில் அவ்விரண்டும் சேர்ந்து வரும்.

கேள்வி (மூதூர், விஞ்ஞான ஆசிரியர்): பாடசாலை ஆய்வுகூடத்தில் நரம்பிழை வளர்ச்சியைக் காட்ட வழி உண்டா?

பதில்: நரம்புக் கல வளர்ப்புக்குக் கிருமியற்ற கூடமும் குருதித் தெளியமும் வேண்டும். பாடசாலையில் முயல வேண்டாம். ஆனால் நுனியில் மட்டும் நீண்டு, இரசாயனச் சமிக்ஞைக்குத் திரும்பும் வேறொரு கலம் உங்கள் முற்றத்திலேயே உண்டு: மகரந்தக் குழாய். ஒரே பாடவேளையில் பார்க்கலாம்.

காய்ச்சி வடித்த நீரில் நான்கு தனித்தனிக் கரைசல் தயாரியுங்கள். ஒவ்வொன்றும் 100 மில்லிலீற்றர்: போரிக் அமிலம் 1 கிராம், கல்சியம் நைத்திரேற்று 3 கிராம், மகனீசியம் சல்பேற்று 2 கிராம், பொற்றாசியம் நைத்திரேற்று 1 கிராம். பரிசோதனையன்று 10 கிராம் வெள்ளைச் சீனியை 80 மில்லிலீற்றர் நீரில் கரைத்து, நான்கிலிருந்தும் ஒவ்வொரு மில்லிலீற்றர் சேர்த்து, 100 மில்லிலீற்றராக்குங்கள். கல்சியக் கரைசலையும் சல்பேற்றுக் கரைசலையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றினால் கல்சியம் சல்பேற்று வெண்ணிறமாகப் படியும். அதனால்தான் சீனிநீருக்குள் தனித்தனியே இடச் சொல்கிறோம்.

காலையில் பூத்த காசித்தும்பை நல்லது. கால் மணித்தியாலத்திலேயே முளைக்கத் தொடங்கும். நித்தியகல்யாணியும் முளைக்கும், கொஞ்சம் பொறுக்க வேண்டும். குழிவுள்ள வழுக்கியில் ஒரு துளி இட்டு, மகரந்தத்தை ஊசியால் மெல்லத் தூவுங்கள். ஈர வடிதாள் விரித்த பெத்திரிக் கிண்ணத்தில் மூடி வையுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை நுணுக்குக்காட்டியில் 100 மடங்கில் பாருங்கள். குழாயின் நீளம் மணியின் விட்டத்தைத் தாண்டினால் முளைத்ததாகக் கணக்கிடலாம். 400 மடங்கில் குழாய்க்குள் முதலுரு ஓடுவது தெரியும்.

மணிகள் வெடித்தால் சீனி போதாது. முளைக்காமல் சுருங்கியிருந்தால் துளி காய்ந்து சீனி கடுத்துவிட்டது. பங்குனி, சித்திரை வெயிலில் மூதூர்ப் பக்கம் இது அடிக்கடி நடக்கும், வடிதாளை நனைத்துக்கொண்டே இருங்கள். மழையில் நனைந்த பூவின் மகரந்தம் பயன்படாது. போரிக் அமிலத்தை விட்டால் முளைப்பு மிகக் குறையும், இதைத் தனி ஒப்பீடாகவே செய்யலாம்.

திசையைக் காட்ட, துளியின் ஓரத்தில் அதே பூவில் மகரந்தத்தை ஏற்கும் பகுதியான குறியிலிருந்து வெட்டிய சிறு துண்டையும், இன்னொரு வழுக்கியில் அதே அளவு இதழ்த் துண்டையும் வையுங்கள். குறிக்குப் பக்கத்தில் குழாய்கள் கூடுதலாக இருப்பதால் மட்டும் 'திரும்பியது' என்று முடிவு கட்டக்கூடாது. அங்கே கூடுதலாக முளைத்திருக்கலாம், குறியிலேயே பழைய மகரந்தமும் இருந்திருக்கலாம். ஒவ்வொரு குழாயின் நுனியும் துண்டை நோக்கி நிற்கிறதா, விலகி நிற்கிறதா என்று எண்ணுங்கள். மாணவர்களுக்கு வேறுபாட்டையும் சொல்லுங்கள்: மகரந்தக் குழாய்க்குக் கலச்சுவர் உண்டு, உள்ளே இருக்கும் நீரழுத்தத்தால் முன்னே தள்ளப்படுகிறது. நரம்பிழைக்குச் சுவர் இல்லை. பற்றிப் பிடித்து இழுத்துப் போகிறது.

கேள்வி (கிண்ணியா, மீனவர் ஒருவரின் மனைவி): அவருக்கு மணிக்கட்டில் கத்தி ஆழமாக வெட்டி, நரம்பைத் தைத்தார்கள். இரண்டு மாதமாகியும் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரலில் உணர்ச்சியே இல்லை. தையல் பிழைத்துவிட்டதா? எப்போது கடலுக்குப் போகலாம்?

பதில்: இரண்டு மாதத்தில் விரல் நுனியில் உணர்ச்சி இல்லாதது எதிர்பார்த்ததே, அதை வைத்துத் தையல் பிழை என்று சொல்ல முடியாது. தைத்தது நரம்பின் உறையை. உள்ளே வெட்டுண்ட இழைகள் ஒட்டிக்கொள்வதில்லை. வெட்டுக்கு அப்பால் இருந்த பகுதி அழிந்துபோய், மணிக்கட்டிலிருந்து ஒவ்வொரு இழையும் புதிய வளர்ச்சிக் கூம்போடு மறுபடி விரல்வரை வளர வேண்டும். சராசரி வேகம் நாளொன்றுக்கு 1 மில்லிமீற்றர். தையலைத் தாண்டவே இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு 17 சென்ரிமீற்றர் என்றால் 170 நாள், அதோடு அந்த வாரங்களும். ஆறரை மாதத்துக்கு முன்னர் நுனியில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அதன் பின்னும் உணர்ச்சி இரண்டு மூன்று வருடம் திருந்திக்கொண்டு வரலாம்.

இழை எங்கே வந்துவிட்டது என்று வீட்டிலேயே பார்க்கலாம். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டை நோக்கி, நரம்பு போகும் வழியில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டு வாருங்கள். மின்சாரம் பட்டாற்போல் விரலுக்குள் சுள்ளென்று முதலில் தெரியும் இடம்தான் முன்னணி இழைகளின் நுனி. தழும்பிலிருந்து அந்த இடம்வரை அளந்து, மாதத்துக்கு ஒருமுறை திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். மாதம் 2 முதல் 3 சென்ரிமீற்றர் முன்னேறினால் நல்லது. மூன்று மாதமாகியும் தழும்பிலேயே நின்றால் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அந்தக் கொப்பியோடு போங்கள். இழைகள் வழி கிடைக்காமல் தழும்புக்குள் சுருண்டு முடிச்சாகியிருக்கலாம். மறுபடி திறந்து, கெண்டைக்காலின் உணர்ச்சி நரம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து இடைவெளியை இணைக்க வேண்டி வரலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. நரம்பு எட்டாத தசை 12 முதல் 18 மாதத்துக்குள் மீள முடியாதபடி நலிந்துவிடும். இழைக்கு உணவும் சமிக்ஞையும் கொடுத்து வரவேற்கும் சுவான் கலங்களும் மாதக்கணக்கில் காத்திருந்தால் அந்தத் திறனை இழந்துவிடும்.

இந்த மாதங்களில் கையைக் காப்பதுதான் பெரிய வேலை. உணர்ச்சியில்லாத விரலுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. தேநீர்க் கோப்பை, அலுமினியச் சட்டி, சிகரெட், படகு எஞ்சினின் புகைக்குழாய், ஐஸ் பெட்டி எல்லாமே ஆபத்து. ஐஸில் கை வைத்து மீன் அடுக்குவதை விடச் சொல்லுங்கள். தூண்டில் நூல் விரலை அறுத்தாலும் அவருக்குத் தெரியாது. காலை, மாலை இருவேளையும் வெளிச்சத்தில் விரல்களைப் புரட்டிப் பாருங்கள். வேர்வை சுரக்காததால் தோல் காய்ந்து வெடிக்கும். கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசினால் போதும். மூட்டுகள் இறுகாமல் பிசியோதெரபிஸ்ட் காட்டியபடி மறுகையால் ஒவ்வொரு மூட்டையும் மடக்கி நீட்ட வேண்டும். தசைநாணும் வெட்டுப்பட்டிருந்தால் எவ்வளவு மடக்கலாம் என்று அவர் சொல்வதே கணக்கு.

உள்ளங்கையில் தொடுகை தெரியத் தொடங்கியதும் பயிற்சி தொடங்கலாம். அரிசி, பயறு, மணல், சீலைத்துண்டு, வலைத்துண்டு. முதலில் பார்த்துக்கொண்டு தொட வேண்டும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு. 10 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. சுட்டுவிரலைத் தொட்டால் நடுவிரலில் தொட்டதுபோல் இருக்கிறது என்று அவர் சொன்னால் பயப்படாதீர்கள். வெட்டுக்கு அப்பால் நரம்புக்குள் மிஞ்சியிருக்கும் பழைய குழல்களில், சில இழைகள் பக்கத்துக் குழலுக்குள் நுழைந்துவிட்டதால் வருவது அது. வந்த இழையைத் திருப்பியனுப்ப முடியாது. மூளைதான் புதிய முகவரியைப் பழக வேண்டும், அதற்குத்தான் இந்தப் பயிற்சி. புகைத்தலை நிறுத்தட்டும், நீரிழிவு இருந்தால் கட்டுப்பாட்டில் இருக்கட்டும். கை வீங்கிச் சிவந்து, தொட முடியாத நோவு கூடிக்கொண்டு போனால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

கடலுக்குப் போவதை உணர்ச்சி மட்டும் தீர்மானிப்பதில்லை. பெருவிரலால் இறுக்கிப் பிடிக்கும் பலம் வந்த பிறகு, கிளினிக்கில் பிடிபலத்தை அளந்து சொல்வார்கள். அதுவரை வலை இழுக்கும் வேலை வேண்டாம்.

கேள்வி (சம்பூர்): கை நரம்பு வளருமென்றால், தென்னையிலிருந்து விழுந்து முண்ணாண் அறுந்த என் தம்பிக்கு ஏன் வளரவில்லை? வெளிநாட்டில் ஊசி போட்டால் வளருமென்று பெருந்தொகை கேட்கிறார்கள்.

பதில்: கையில் வெட்டுக்கு அப்பால் சுவான் கலங்களும் லமினின் பூசிய குழல்களும் இழையை வரவேற்கின்றன. முண்ணாணில் எதிர்மாறு. இழைகளைச் சுற்றியிருந்து உடைந்த மயலின் என்ற கொழுப்புறையில் நோகோ போன்ற தடைப்புரதங்கள் உள்ளன. மார்ட்டின் ஷ்வாப் 1988இல் இத்தடையைக் காட்டினார். காயத்தைச் சுற்றி உருவாகும் தழும்பில் புரதமும் சர்க்கரைச் சங்கிலிகளும் சேர்ந்த வேறு தடைப் பொருள்கள் உள்ளன. இவற்றைத் தொட்ட நுனி சுருங்கிக் குமிழாகி நின்றுவிடும். மூளை, முண்ணாண் கலங்களின் சொந்த வளர்ச்சி வேகமும் முதிர்ந்த வயதில் அடங்கிவிடுகிறது. ஆனாலும் வளரும் திறன் முற்றாகச் செத்துவிடவில்லை. எலியின் மூளைத்தண்டுக்கும் முண்ணாணுக்கும் இடையில் கால் நரம்புத் துண்டைப் பாலமாக வைத்தபோது மைய நரம்பிழைகள் அதற்குள் சில சென்ரிமீற்றர் வளர்ந்ததை அல்பேர்ட் அகுவாயோவின் குழு 1981இல் காட்டியது. பாலத்தைத் தாண்டி மறுபடி முண்ணாணுக்குள் நுழைந்ததும் அவை சிறிது தூரத்தில் நின்றுவிட்டன. சூழல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

மனிதரின் அறுந்த முண்ணாணை மீள இணைக்கும் நிலைபெற்ற மருத்துவம் இன்று இல்லை. காணியை விற்று அந்த ஊசிக்குப் பணம் கட்ட வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல மெத்தையும் சக்கர நாற்காலிக்கான குஷனும் வாங்குங்கள். படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். நாற்காலியில் இருக்கும்போது கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை பாரத்தை மாற்றட்டும். சலக் குழாயை ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்தபடி நேரம் தவறாமல் கவனியுங்கள். காயம் நெஞ்சளவு உயரத்திலோ அதற்கு மேலோ என்றால், திடீர்த் தலையிடியும் முகத்தில் வேர்வையும் வந்தவுடன் நிமிர்த்தி இருத்தி, சலக் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும் அறிகுறி அது. அடைப்பை எடுத்தும் தணியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கேள்வி (தம்பலகாமம்): பாம்பு விஷத்தில் நரம்பை வளர்க்கும் பொருள் இருக்கிறதாமே? வல்லாரையும் நரம்பு வளர்க்குமா?

பதில்: முதலாவது உண்மை. 1950களில் ரீட்டா லெவி-மொந்தால்சினியும் ஸ்டான்லி கோகனும் ஓர் எலிப் புற்றுநோய்க் கட்டியில் நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தேடினார்கள். அதிலுள்ள நியூக்கிளிக் அமிலத்தைச் சிதைக்கப் பாம்பு விஷத்தைச் சேர்த்தபோது, விஷத்திலேயே அந்தக் காரணி மிகக் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. பிறகு எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் கிடைத்தது. இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு. ஆனால் அந்தக் காரணியோடு கூடவே நாகத்தின் விஷத்தில் மூச்சுத் தசையை நிறுத்தும் நஞ்சும் இருக்கிறது. வயலில் கடித்தால் கீறவோ கட்டவோ உறிஞ்சவோ வேண்டாம். மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வல்லாரைச் சாறு கிண்ணத்தில் வளர்த்த கலங்களின் இழையை நீளமாக்கியதாகவும், எலிகளில் நரம்பு மீள்வதை விரைவுபடுத்தியதாகவும் ஆய்வுகள் உண்டு. நீள்வது வேறு, சரியான இடத்துக்குப் போய்ச் சேர்வது வேறு. கிண்ணத்தில் அளந்தது முதலாவதை மட்டும்தான். வல்லாரைச் சம்பல் தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. வெட்டுண்ட நரம்புக்குத் தையலும் பயிற்சியும் இல்லாமல் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வல்லாரை மாத்திரை எடுப்பவர்கள், முக்கியமாக ஈரல் நோய் உள்ளவர்கள், அதை டொக்டரிடம் சொல்லுங்கள்.